ஒற்றைத் தக்காளியும் சிவப்புக் கைப்பையும்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டைக்கும் மனைவியின் கோபத்துக்கும் மட்டுமே அது பயன்பட்டது. தெருவுக்கு அவர் தட்டல் மாமா.

தர்ப்பூசணியைத் தட்டாமல் அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. பழத்தைக் காதருகே தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் தட்டி, கண்ணை மூடி, எங்கோ தூரத்திலிருந்து சேதி வருவதுபோல் நிற்பார். அதற்குள் வாங்க வந்தவருடைய பஸ் போய்விடும். தட்டித் தட்டிப் பழகிய கை, பிறகு ஆள் பார்ப்பதை விட்டுவிட்டது. முட்டைக்கோஸ், பக்கத்து வீட்டுக் கதவு, தெரிந்தவர் தோள் எல்லாம் ஒன்றுதான். ஒருமுறை மைத்துனரின் வழுக்கைத் தலைக்குப் பக்கத்தில் கை தன்பாட்டுக்கு எழுந்தபோது, அவர் மனைவிதான் அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். தெருவே அந்த அம்மாவை அத்தை என்று கூப்பிடும். மாமா பேசுவதில் கால்வாசிகூட அத்தை பேசமாட்டார். அந்தக் கால்வாசியைச் சரியான இடத்தில் செலவழிப்பார், அவ்வளவுதான்.

இளவயதில் மாமா மொத்த மார்க்கெட்டில் லாரியிலிருந்து பழக்கூடை இறக்கிக்கொண்டிருந்தார். முதுகு மக்கர் பண்ணியதும், சேர்த்ததைப் போட்டு, சலவைக் கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே ஒரு காய்கறிக் கடை பிடித்தார். நல்ல இடம்தான். ஆனால் சுற்றியிருந்த அடுக்கு வீடுகளில் கூலிக்குப் போகிறவர்களும் ஓய்வுச் சம்பளத்தில் ஓட்டுகிறவர்களும்தான் அதிகம். முன்வரிசையில் ஆப்பிளைத் துடைத்து அடுக்கியிருப்பார். வந்தவர்கள் அதன் விலையைக் கேட்பார்கள், “அப்புறம் வரேன் மாமா” என்பார்கள், அப்புறம் மெல்லக் குனிவார்கள். பலகைக்கு அடியில் அடிபட்ட பெட்டி இருந்தது. நசுங்கிய தக்காளி, ஒருபக்கம் கறுத்த ஆப்பிள், வாடிய கீரை. காலையில் வைத்த பெட்டி மதியத்துக்குள் துடைத்துப் போட்டதுபோல் காலியாகிவிடும். மேலே இருக்கிற நல்லதெல்லாம் கீழே இறங்கக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும்.

மாமாவுக்கு அதில் ஒரு மனக்குறை. தட்டத் தெரிந்த மனுஷன், தட்டிக் கொடுக்க ஆளில்லை.

பிறகுதான் அந்தத் திட்டம் வந்தது. ஓர் அறக்கட்டளை பணம் ஒதுக்கியது. வட்டாரக் குடியிருப்போர் சங்கம் அதை வாங்கி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பச்சை நிறத்தில் டோக்கன் கொடுத்தது. காயோ பழமோ வாங்கினால் பாதி விலையைக் காசாகக் கொடுத்தால் போதும், மீதிப் பாதிக்கு டோக்கன். கடைக்காரர் டோக்கனைச் சங்கத்தில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ள வேண்டியது. மாமா முதலில் நம்பவில்லை.

“முன்னபின்ன தெரியாத ஒருத்தன், இந்தத் தெரு கீரை சாப்பிடணும்னு பாதி விலை கொடுப்பானா? இதுல என்னமோ இருக்கு” என்று டோக்கனைப் பலகையில் தட்டிப் பார்த்தார்.

“என்ன சொல்லுது? பழுத்திருக்கா?” என்று கேட்டார் அத்தை.

பழுக்கத்தான் செய்தது. தையல்காரம்மா கையளவு சுருக்குப்பையை விட்டுவிட்டுச் சாக்குப்பை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார். பழைய காவல்காரர், பல் இருந்த காலத்தில் வாங்க முடியாத பேரிக்காயைப் பல் போன பிறகு வாங்கி, வேகவைத்துச் சாப்பிட்டார். மாமா நாள் முழுக்கத் தட்டினார். அடிபட்ட பெட்டியை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. முயல் வளர்க்கும் ஒருவர் சாயங்காலம் வந்து அதை அப்படியே தூக்கிக்கொண்டு போவார். முயல்கள் பெருத்தன.

இப்படி இருக்கும்போதுதான் சங்கத்தின் செயலாளரம்மா மூச்சிரைக்க வந்தார்.

“மாமா, நிதி இந்த வருஷத்தோட முடியுது. திரும்பக் கேட்டிருக்கோம். ஆனா நம்மளை மாதிரி நிறைய தெருக்காரங்க கேட்டிருக்காங்க, அங்க பணம் அவ்வளவு இல்லை. அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மா நேர்ல பார்க்க வராங்க. அவங்க கண்ணுக்கு இங்க இருக்கிற தேவை தெரியணும். தெரியலேன்னா திட்டத்தை மூட்டை கட்டிடுவாங்க.”

“அவங்க கண்ணுக்குத் தெரியணும். அவ்வளவுதானே? நான் பார்த்துக்கிறேன்” என்றார் மாமா.

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் இப்படி இருந்தது. கடைக்கு வெளியே புதுப் பெயின்ட் அடித்தார். தராசைப் புளி போட்டுத் தேய்த்ததில் அது முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிட்டது. அடிபட்ட பெட்டியைக் கொண்டுபோய் உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் ஒளித்து, மேலே ஒரு துணியைப் போட்டார். கல்யாணமான புதிதில் தைத்த கோட்டை எடுத்து மாட்டினார். பொத்தானும் பொத்தான் ஓட்டையும் சந்தித்துப் பல வருஷமாகியிருந்தது. இனிச் சந்திக்கிற உத்தேசமும் அவற்றுக்கு இல்லை.

“கடையைக் காட்டப் போறீங்களா, இல்ல கட்டிக்கொடுக்கப் போறீங்களா?” என்றார் அத்தை.

“நீ சும்மா இரு. வர்றவங்க நம்ம தெருவைப் பத்தி என்ன நினைப்பாங்க?”

வாடிக்கையாளர்களிடமும் ஒருவர் விடாமல் சொல்லிவைத்தார்: “நாளைக்கு எல்லாரும் கண்டிப்பா வாங்க. நம்ம கடையோட மானம் உங்க கையிலதான் இருக்கு.”

அவர்கள் மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை அறக்கட்டளை அம்மா வந்தார். மாமா மனதில் கறுப்புக் கண்ணாடியும் காரும் இருந்தன. வந்தவரோ பஸ்ஸிலிருந்து இறங்கினார். பழைய குடை, தேய்ந்த செருப்பு, கொஞ்சம் தூக்கக் கலக்கம். மாமா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிறகு அதையும் ஒரு தட்டுத் தட்டினார்.

“நான் ஓரமா உட்காந்துக்கறேன். எப்பவும் போல வியாபாரத்தைப் பாருங்க” என்றார் அந்த அம்மா.

எப்பவும் போல என்றால், தையல்காரம்மா இடுப்பில் இஞ்சுநாடாவோடு வீட்டு உடுப்பில் ஓடி வரவேண்டும். வந்தவரைப் பார்த்து மாமாவுக்கே அடையாளம் தெரியவில்லை. விசேஷத்துக்குப் போகிற மாதிரி தலையை வாரி, கழுத்தில் பளபளவென்று ஒரு சங்கிலி, தோளில் புத்தம்புதுச் சிவப்புக் கைப்பை. பொறுமையாகக் கடையைச் சுற்றிப் பார்த்தார். தக்காளிக் குவியலிலிருந்து மோதிரம் தேர்ந்தெடுப்பதுபோல் ஒன்றை எடுத்தார்.

“ஒண்ணு போதும்” என்றார்.

“ஒரு கிலோவா?”

“ஒரு தக்காளி.”

முழு விலையையும் சில்லறையாகக் கொடுத்தார். மாமா குரலை இறக்கி, “டோக்கன் எங்கம்மா?” என்றார்.

தையல்காரம்மாவும் குரலை இறக்கினார். “என்ன மாமா நீங்க? அந்தம்மா முன்னாடி டோக்கனை நீட்டிக்கிட்டு நின்னா உங்க கடைக்கு மரியாதையா இருக்குமா?”

தேவை தெரியணும் என்று செயலாளரம்மா சொன்னது அப்போதுதான் மாமாவின் காதிலிருந்து மண்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்குள் அறக்கட்டளை அம்மா தையல்காரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்: “இந்தத் திட்டத்தால உங்களுக்கு ஏதாவது உபயோகம் இருக்குங்களா?”

“எங்களுக்கா? ஐயோ, எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க. பாவம், மேல்மாடியில இருக்கிறவங்களுக்குத்தான் தேவைப்படும்.”

மேல்மாடி அம்மா அடுத்து வந்தார். பஞ்சாலையில் வேலை. இன்றைக்கு உதட்டுச் சாயம். தோளில் சிவப்புக் கைப்பை. ஒரு எலுமிச்சம்பழம் வாங்கினார். தனக்கொன்றும் கஷ்டமில்லை என்றும், கீழ்வீட்டுக்காரர்கள்தான் சிரமப்படுகிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். போகும் வழியில், பஸ் நிறுத்தத்து விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றிருந்த அவருடைய நாத்தனார் கைக்குப் பை மாறியது. நாத்தனார் உள்ளே வந்து ஒரே ஒரு கேரட் கேட்டார்.

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. “இவங்க... இவங்க வழக்கமா நிறைய வாங்குவாங்க மேடம்” என்றார்.

“அப்படிங்களா?” என்றார் அறக்கட்டளை அம்மா. அவர் பார்வை கேரட்டில் இல்லை, கைப்பையில் இருந்தது.

மாமா அத்தையிடம் ஒதுங்கினார். “போச்சு. எல்லாம் போச்சு. பணக்காரத் தெருன்னு எழுதிட்டுப் போகப்போறாங்க. ஏதாவது சொல்லேன்.”

“நான்தான் சும்மா இருக்கணுமாமே” என்றார் அத்தை, வெங்காயத்தின் சருகை நீக்கிக்கொண்டே.

கடைசியில் வந்தவர் பழைய காவல்காரர். அந்த நாளில் ஒரு வங்கியின் வாசலில் நின்றவர். அதே சீருடையைத் துவைத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். அறக்கட்டளை அம்மாவுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். அந்த அம்மா பாதி எழுந்துவிட்டார்.

காவல்காரர் பேரிக்காயின் விலையைக் கேட்டார். மாமா முழு விலையைச் சொன்னார். காவல்காரர் சட்டைப்பையில் கையை விட்டார். சற்று நேரம் கையை உள்ளேயே வைத்திருந்தார்.

“அப்புறம் வரேன் மாப்ளே” என்றார்.

சொல்லிவிட்டுத் தன்னை அறியாமல் குனிந்தார். பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். அங்கே ஒன்றுமில்லை. நிமிர்ந்து, அத்தனை பேருக்கும் கேட்கிற குரலில் கேட்டார்: “ஏன் மாப்ளே, அந்த அடிபட்ட பெட்டி எங்க?”

முட்டைக்கோஸைத் தட்டப்போன மாமாவின் கை நடுவழியில் நின்றது.

“அது என்ன பெட்டி?” என்றார் அறக்கட்டளை அம்மா.

அத்தை வெங்காயத்தைக் கீழே வைத்தார். உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பின்னால் போய், துணியை உருவி எறிந்துவிட்டு, பெட்டியைத் தூக்கிவந்து அந்த அம்மாவின் காலடியில் வைத்தார். நசுங்கியதும் கறுத்ததுமாக நிரம்பி வழிந்தது.

“இதுதாங்க இந்தத் தெரு முன்னாடி சாப்பிட்டது. இப்ப முயல் சாப்பிடுது. நேத்துக் காலையில வச்ச பெட்டி, இவர் ஒளிச்சு வைக்கிற வரைக்கும் ஒருத்தரும் கை வைக்கலை. இன்னைக்கு இவங்க எல்லாரும் டோக்கனை மறைச்சு வச்சுக்கிட்டு, உங்களுக்காகக் கைக்காசு போட்டு வாங்கினாங்க. எவ்வளவு வாங்கினாங்கன்னு நீங்களே பார்த்தீங்க. ஒரு தக்காளி, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கேரட். திட்டம் இல்லாத கடை எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா, காலையிலிருந்து அதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கீங்க.”

அத்தை இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி மாமா கேட்டதில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அறக்கட்டளை அம்மா பெட்டியைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். விளம்பரப் பலகைக்குப் பின்னாலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டன.

“அந்தச் சிவப்புப் பை யாரோடது?” என்றார்.

பலகைக்குப் பின்னாலிருந்து தையல்காரம்மா வெளியே வந்தார். “என்னோடதுதாங்க. வாங்கினதில்ல, நானே தைச்சது. ஒருத்தர் சோபாவுக்குப் போட்டது போக மிச்சத் துணி.”

“நல்லா இருக்கு. மூணாவது தடவை பார்க்கும்போதுதான் தையல் எவ்வளவு நேர்த்தின்னு கவனிச்சேன்.”

தையல்காரம்மாவுக்கு முகம் பையின் நிறத்துக்கு வந்தது. “பார்த்துட்டீங்கன்னா இனி என்ன மறைக்கிறது?” என்று பையைத் திறந்தார். உள்ளே சீப்போ பவுடரோ இல்லை. பச்சை டோக்கன்கள். தன்னுடையது, மேல்மாடியுடையது, நாத்தனாருடையது எல்லாம். அந்த அம்மா போனதும் மொத்தமாகப் போய் வாங்கிவரலாம் என்று பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார்.

அதன்பிறகு கடை எப்பவும் போல ஆனது. சாக்குப்பைகள் வந்தன. கீரைக்கட்டு சின்னதாக இருக்கிறதென்று மேல்மாடி அம்மா சண்டை பிடித்தார். காவல்காரர் வீட்டுக்குப் போய் டோக்கனோடு திரும்பி, பேரிக்காயை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். “அழுத்தாதீங்க, அதையும் அந்தப் பெட்டிக்கு அனுப்பணுமா?” என்று மாமா கத்தினார். கோட்டு எப்போதோ மூட்டை மேல் போய்விட்டது.

அறக்கட்டளை அம்மா மதியம் வரை உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது, “மத்த இடத்துல எல்லாம் என் முன்னாடி அழுவாங்க. நல்லா இருக்கோம்னு சொல்லி ஏமாத்தப் பார்த்தது நீங்கதான்” என்றார். பிறகு ஒரு தர்ப்பூசணி கேட்டார். மாமா நாலு பழத்தைத் தட்டி, ஐந்தாவதை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாவின் பஸ் போய்விட்டது.

“ஏதாவது குறைச்சுப் போடுவீங்களா?”

“டோக்கன் இருக்கா?” என்றார் அத்தை.

முழு விலை கொடுத்துத்தான் வாங்கிப்போனார்.

நிதி மறுபடியும் கிடைத்தது. கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் கிடைத்தது. செயலாளரம்மா வந்து சொன்னபோது, மாமா சந்தோஷத்தில் அவர் தோளைத் தட்டினார். பிறகு தராசை, கதவை, அடுக்கியிருந்த அத்தனை முட்டைக்கோஸையும்.

“ஒரே ஒரு விஷயம் மாமா” என்றார் செயலாளரம்மா. “அடுத்த தடவை முன்னாடியே சொல்லமாட்டாங்களாம். திடீர்னு வந்து நிப்பாங்களாம். அப்பத்தான் எல்லாரையும் உள்ளபடி பார்க்க முடியும்னு சொல்லியிருக்காங்க.”

மாமா இந்தச் சேதியையும் தெருவுக்கு ஒன்றுவிடாமல் சொன்னார். தெருவும் அதைத் தனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டது. இப்போதெல்லாம் கால் கிலோ வெண்டைக்காய்க்கு வருகிறவர்கூடத் தலை வாரிக்கொண்டுதான் வருகிறார். காவல்காரரின் சீருடைக்கு வாரத்தில் இரண்டு இஸ்திரி. தையல்காரம்மாவின் சோபாத் துணியில் இன்னும் நாலு கைப்பைகள் கிளம்பி, ஆளுக்கொன்றாகத் தோளில் தொங்குகின்றன.

ஆனால் டோக்கனை யாரும் மறைப்பதில்லை. கைப்பையைத் திறந்து, எல்லாரும் பார்க்கட்டும் என்பதுபோல் நிதானமாக எடுத்து நீட்டுகிறார்கள். அடிபட்ட பெட்டி மட்டும் அத்தையின் கண்டிப்பான உத்தரவின்படி பலகைக்கு அடியில் பழைய இடத்துக்கே வந்துவிட்டது, அந்த அம்மா எப்போது வந்தாலும் கண்ணில் படுவதற்கு. சாயங்காலம் முயல்காரர் வரும்வரை, நிரம்பியபடியே இருக்கிறது.