வயர் எட்டாத அறை

எங்கள் முதல் மடிக்கணினியின் இடப்பக்கத்துத் துவாரத்தில் இருந்து வந்த சூட்டுக் காற்றுக்கு ஒரு மணம் இருந்தது; தூசியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து மெல்லக் கருகுகிற மணம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு அதற்கு முன்னால் வந்து உட்காருவார் என்பதால், பவுடர் வாசமும் அதோடு கலந்துவிட்டது. இன்றைக்கும் நான் படிப்பிக்கிற பாடசாலைக் கணினி அறையில் பழைய பெட்டி ஏதாவது சூடேறினால் எனக்குக் கண் கலங்கும். பிள்ளைகள் "ரீச்சருக்குத் தூசி ஒத்துவராது" என்று கதைத்துக்கொள்வார்கள். நான் அதைத் திருத்துவதில்லை.

பதினோராம் ஆண்டு முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலம் அது. சண்டை முடிந்து கொழும்புப் பாதை திறந்து, அங்கத்தைச் சாமான்கள் லொறி லொறியாக வரத் தொடங்கி, நல்லூரில் டியூசன் கொட்டில்களுக்குப் பக்கத்திலேயே கணினிக் கடைகள் முளைத்துக்கொண்டிருந்தன. எங்கள் வீடு கோப்பாயில். அப்பா வெங்காயமும் பீற்றூட்டும் போடுகிற தோட்டக்காரர். ஒரே அண்ணன் வெளிநாடு போய் நாலு வருடமாகியும் அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. அது முடியாமல் அவன் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. அந்த நாலு வருடமும் அம்மா தொலைபேசியில் அவன் குரலை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் "உன்ரை முகத்தைப் பாக்கோணும் போல கிடக்கு" என்று விக்கி விக்கி அழுதார். அதன் பிறகுதான் அண்ணன் மடிக்கணினி வாங்கக் காசு அனுப்பினான்.

அனுப்பிய கையோடு என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னான். "வயர்லெஸ் உள்ளதாப் பாத்து எடு. மூச்சு இளைப்பு வாற நாளிலை அம்மாவாலை முன்னுக்கு வந்து இருக்க ஏலாது. அவ படுத்திருக்கிற இடத்துக்கே கொண்டுபோய்க் காட்டலாம்." நான் "ஓம் அண்ணை" என்றேன். சொன்ன நேரத்தில் அது பொய்யில்லை.

கடையில் எங்கள் கைக்கு எட்டியவை இரண்டுதான், இரண்டும் கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்தவை, விலையும் ஒன்று. சாம்பல் நிறத்தில் வயர்லெஸ் இருந்தது, ஆனால் அதன் "புரொசெசர்" பழையது. கறுப்பில் வயர்லெஸ் இல்லை, கம்பியைச் செருகினால்தான் இணையம். ஆனால் உள்ளே இருந்தது அந்த நேரத்துப் புது வேகப் புரொசெசர், "டுவல் கோர்". டியூசனில் என் பக்கத்தில் இருந்தவள் தன் மாமா அனுப்பிய "டுவல் கோர்" பற்றியே இரண்டு மாதமாக அளந்துகொண்டிருந்தாள். அவளுடைய வாயை அடைக்கிற ஆசை எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கடைக்காரர் இரண்டையும் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் ஒப்பிட்டு எழுதிய தாளொன்றைத் தந்தார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான்தான் அதை வாசித்துச் சொன்னேன். புரொசெசர் என்பது கணினியின் மூளை, இது கறுப்பில்தான் நல்லது என்று நீட்டி முழக்கினேன். வயர்லெஸ் வரிக்கு வந்ததும், "அது கணினியைத் தூக்கிக்கொண்டு திரியிற ஆக்களுக்கு" என்று சுருக்கிவிட்டேன். அப்பா உடனே, "தூக்கிக்கொண்டு திரிய அது என்ன ஆட்டுக்குட்டியோ? மேசையிலை வைச்சுப் படிக்கிற சாமான்" என்றார். எங்கள் ஊரில் எந்தச் சாமானும் "பிள்ளையின்ரை படிப்புக்கு" என்ற சொல்லோடுதான் வீட்டுக்குள் வரும்; அந்தச் சொல்லுக்கு முன்னால் மற்றதெல்லாம் வாயடைத்துப் போகும். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உதிலை பெரியவனைப் பாக்கலாமோ?"

"ரெண்டிலையும் பாக்கலாம் அம்மா."

"அப்ப மூளை உள்ளதையே எடுங்கோ. படிக்கிற பிள்ளைக்கு அதுதானே வேணும்."

அண்ணன் சொன்னதை நான் வாயில் எடுக்கவே இல்லை. அன்று பின்னேரம் அவன் கேட்டபோது, வயர்லெஸ் உள்ளது கடையில் இல்லை என்று சொன்னேன்.

ஒரு வருடம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. தொலைபேசி வயர் வருகிற முன்கூடத்தில், நாங்கள் "ஹோல்" என்கிற இடத்தில், ஒரு மூலையில் கணினியை வைத்தோம். ஞாயிறுதோறும் அம்மா முழுகி, சீலை மாற்றி, பொட்டு வைத்து வந்து உட்காருவார். அப்பா சிரிப்பார்: "பொம்பிளை பாக்க வருகினமோ?" அம்மா அவர் பக்கம் திரும்பவும் மாட்டார். அண்ணன் சாப்பிட்ட சோற்றுக் கோப்பையைக்கூடத் தூக்கிக் காட்டச் சொல்லி, கறி என்ன நிறம் என்று பார்ப்பார்.

அடுத்த வருடம் நல்லூர்க் கோயில் கொடியேறிய கிழமை அம்மாவுக்கு இளைப்புக் கூடியது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று "துண்டு வெட்டி" அனுப்பினார்கள். அம்மாவின் கட்டில் உள் அறையில். கணினி வயரை இழுத்துப் பார்த்தேன். அறை வாசலுக்கு மூன்று முழம் முன்னாலேயே அது முறுகி நின்றது. அண்ணன் தொலைபேசியில் கெஞ்சினான். "ஒருக்கா முகத்தைக் காட்டடி."

கட்டிலோடு தூக்கி ஹோலுக்குக் கொண்டுவருவோம் என்று நான் சொன்னதும், அம்மாவைப் பார்க்க வந்து நின்ற மாமி என் வாயைப் பொத்தாத குறை. "சீவனோடை இருக்கிற மனிசியை ஹோலிலை கிடத்துறதோ? என்ன கதை கதைக்கிறாய்?" எங்கள் வீடுகளில் ஒருவரை ஹோலில் கிடத்துவது ஒரே ஒரு நாளுக்குத்தான். அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே அம்மாவுக்கு இது கேட்டிருக்க வேண்டும். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: "நான் ரெண்டு நாளிலை எழும்பி வந்து இருந்து கதைக்கிறன் எண்டு பெரியவனிட்டைச் சொல்லு."

அப்பா சைக்கிளில் நல்லூருக்குப் போய், சனத்துக்குள் நெரிபட்டு, நீள வயரொன்று வாங்கிவந்தார். அது தொலைபேசி வயர். கணினியின் துவாரத்துக்குள் நிற்கவில்லை. நான் மாற்றப் போனபோது தேர்த்திருவிழாவுக்காகக் கடை பூட்டிக் கிடந்தது. வீதி முழுக்க அரோகரா. நான் அந்த வயரைக் கையில் சுற்றிக்கொண்டு பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றேன். அடுத்த நாள், தீர்த்தத்தன்று காலை, அம்மா போய்விட்டார்.

பிறகு அம்மாவை ஹோலில் கிடத்தினார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்றிய பிறகு, அப்பா என்னைப் பார்த்து, "இப்ப காட்டு" என்றார். கணினியை ஒரு முக்காலியில் வைத்து அம்மாவின் முகத்துப் பக்கம் திருப்பினேன். வயர் தாராளமாக எட்டியது, நிலத்தில் கொஞ்சம் மிச்சமும் கிடந்தது. அண்ணன் இரண்டு மணித்தியாலம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நேரமும் படம் ஒரு இடத்தில்கூட இறுகி நிற்கவில்லை. அவ்வளவு நல்ல புரொசெசர் அது.

அந்தக் கறுப்புப் பெட்டியில் படித்துத்தான் நான் கணினி ஆசிரியையாக வந்தேன். அப்பா கடைசிவரை அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். போன மாதம் என் மாணவி ஒருத்தியின் தகப்பன், மகளுக்கு மடிக்கணினி எடுக்கத் துணைக்கு வரச் சொல்லிக் கேட்டார். நல்லூரில் முந்தைய கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிச் சுவர் வைத்த புதுக் கணினிக் கடை. புதுக் கடைக்காரத் தம்பி ஒப்பிட்டு அடித்த தாளை நீட்டினான். மூளை, நினைவகம், திரை, பற்றரி எல்லாம் இருந்தன. வயர்லெஸ் வரியைக் காணவில்லை. கேட்டேன், சிரித்துவிட்டான். "எல்லாத்திலையும் இருக்குது ரீச்சர். அதை இப்ப ஆர் பாத்து எடுக்கினம்?" அந்த வரியை நான் ஒருமுறை சுருக்கி வாசித்தேன், இப்போது உலகமே அதைத் தாளிலிருந்து எடுத்துவிட்டது.

ஞாயிறு அண்ணன் வீடியோ கோல் எடுத்தான். கைத்தொலைபேசியை ஏந்திக்கொண்டு குசினி, கிணற்றடி, கடைசியாக அம்மாவின் அறை என்று நடந்து காட்டினேன். எங்கும் படம் அறவில்லை. கட்டில் இருந்த இடத்தைப் பார்த்ததும், வழக்கமாகச் சொல்வதையே சொன்னான்.

"என்ன செய்யிறது. அந்த நேரம் கடையிலை இல்லாமப் போச்சு."

பதினைந்து வருடமாக நான் சொல்கிற பதிலையே அன்றும் சொன்னேன்.

"ஓம் அண்ணை."