பச்சைக் குழம்பைத் தடுத்த கை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மதியம் திருவனந்தபுரம் கவடியார் பக்கத்தில் ஒரு தாய்லாந்து உணவகத்தில் நடந்தது இது. அந்த வாரம்தான் அம்மா அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். முப்பது வருடங்களுக்கு மேல் ஃபைல் பார்த்தவளை ஒரு நல்ல ஹோட்டலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது என் ஆசை.

நாங்கள் அதே ஊரில் ஸ்ரீவராகம் பகுதியில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் முட்டைகூடக் கிடையாது. நான் கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலைக்குச் சேர்ந்த பிறகு, இத்தாலி, மெக்சிகோ, கொரியா என்று ஊரில் திறக்கும் ஹோட்டல் ஒன்றையும் விட்டதில்லை. எங்கும் சைவம்தான் சாப்பிடுவேன். எது எந்த நாட்டுச் சாப்பாடு, எதை எதோடு சாப்பிட வேண்டும் என்று அலுவலகத்தில் என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அம்மாவுக்காக, நான் அடிக்கடி சாப்பிடும் பச்சைக் குழம்பையே சொன்னேன். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு, பச்சை மிளகாய் விழுது கலந்து செய்வது. மெனுவில் அதன் பக்கத்தில் 'வெஜ்' என்று போட்டிருந்தது.

குழம்பு வந்ததும் அம்மா முகர்ந்து பார்த்தாள்.

"வாசனை நன்னாத்தான் இருக்கு. சுத்த சைவம்தானேடி?"

"நான் எத்தனை தடவை சாப்ட்டிருக்கேன்! தைரியமா சாப்பிடும்மா."

எங்கள் மேஜைக்கு அடுத்தே நெஞ்சளவு உயரத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அப்பால் சமையற்கட்டு. அம்மா கரண்டியைக் கையில் எடுத்தபோது, உள்ளே அடுப்பில் நின்றிருந்த ஒரு பெண் விறுவிறுவென்று வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் ஈரத்துணி. வந்த வேகத்தில் அம்மாவின் தட்டுக்கு மேலே கையை நீட்டி மறித்தார்.

"அம்மா, அதைச் சாப்பிட்டுராதீங்க. நீங்க பேசுனது காதுல விழுந்துச்சு. அந்த விழுதுல கூனி எறா சேத்து அரைச்சிருக்கு. மீன் சாறும் ஊத்திருக்கு."

நான் மெனுவைக் காட்டினேன். "வெஜ்னு போட்டிருக்கே?"

"கறித்துண்டு போடலன்னா வெஜ்னு எழுதிருவாங்கக்கா. விழுது எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

அதற்குள் மேனேஜர் ஓடி வந்தார். முதலில் அந்தப் பெண்ணிடம் "அகத்தோட்டு போ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மலையாளத்தில் உள்ளே போகச் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்து, "வெஜ் ஆணு மேடம், ஒரு கொழப்பமும் இல்லா" என்று சாதித்தார். அந்தப் பெண் நகரவில்லை. முகம் வெளிறியிருந்தது. ஆனாலும், "அந்த விழுதை நான்தான் சார் அரைச்சேன்" என்றார்.

அம்மா கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். அலுவலகத்தில் எத்தனையோ பேரை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட அதே குரலில், "மோனே, இவரு சத்யமல்லே பறஞ்ஞது?" என்று, அவர் சொன்னது உண்மைதானே என மேனேஜரைக் கேட்டாள். இந்தப் பெண்ணின் வேலைக்கு ஏதாவது வந்தால் நாளைக்கே மறுபடி வருவேன் என்றும், எழுத வேண்டிய இடத்துக்கெல்லாம் எழுதுவேன் என்றும் அம்மா மலையாளத்தில் நிதானமாகச் சொன்னாள். பக்கத்து மேஜையில் இருந்த குடும்பமும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தங்கள் குழம்பைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தது. மேனேஜர் மன்னிப்புக் கேட்டார்.

நான் கிளம்பத் தயாராகிவிட்டேன். அந்தப் பெண்தான் விடவில்லை. "அரை மணி நேரம் உக்காருங்க. புதுசா அரைச்சுத் தாரேன்."

வேறு சட்டியைத் தேய்த்துக் கழுவினார். எலுமிச்சைப்புல், சித்தரத்தை மாதிரி ஒரு கிழங்கு, பச்சை மிளகாய் எல்லாவற்றையும் தனியாக ஒரு கல் உரலில் போட்டு இடித்தார். மீன் சாறுக்குப் பதில் உப்பு. இடித்துக்கொண்டே தடுப்புக்கு அப்பாலிருந்து பேசினார். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். கணவருக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் கட்டட வேலை. இவர் இங்கே காய் நறுக்கத்தான் சேர்ந்தாராம். தாய்லாந்திலிருந்து வந்திருந்த சமையல்காரர் செய்வதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார். அவர் ஊர் திரும்பிய பிறகு, அந்த அடுப்பு இவருடையது.

காத்திருந்தபோது அம்மா என்னைக் கேட்டாள்.

"நீ இதுக்கு முன்னாடி எத்தனை தடவை சாப்ட்டிருப்பே?"

"பத்து, பன்னிரண்டு இருக்கும்மா." எனக்குத் தலை நிமிரவில்லை.

"தெரியாம சாப்ட்டாச்சு, விடு. இனிமேலாவது கேட்டுட்டுச் சாப்பிடு."

புதுக் குழம்பு வந்தது. அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். முடித்ததும் எழுந்து சமையற்கட்டு வாசல்வரை போய், அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீ மட்டும் வரலைன்னா..." என்றாள். அந்தப் பெண்ணோ வெட்கப்பட்டுச் சிரித்தார். "நான் சமைச்சதுல ஒருத்தங்களுக்குச் சங்கடம் வரக் கூடாதுல்லம்மா."

இரண்டு வாரம் கழித்து அவர் வேலையில் இருக்கிறாரா என்று பார்ப்பதற்காகவே தனியாகப் போனேன். இருந்தார். என்னைக் கண்டதும் மெனுவை விரித்து ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். இறாலும் மீன் சாறும் சேராத பச்சைக் குழம்பு என்று தனியாக அச்சடித்திருந்தார்கள். "எல்லாரும் இதைத்தான் கேக்காங்கக்கா" என்றபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதம் என்னையும் தொற்றிக்கொண்டது.

இன்றும் அலுவலகத்தில் யாராவது நல்ல ஹோட்டல் எது என்று கேட்டால், எந்த நாட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் பேசுவதற்கு முன், வேலை போனாலும் பரவாயில்லை என்று ஓடி வந்து உண்மையைச் சொன்ன அந்தத் தமிழ்ப் பெண்ணைப் பற்றித்தான், என் சொந்த அக்காவைச் சொல்வதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறேன்.