மெயினை ஆஃப் பண்ணவருக்குப் பொன்னாடை

தறிச் சத்தத்துக்குப் பக்கத்துல இருந்தவங்களுக்குத் தெரியும்... சுவத்துல கை வச்சா உள்ளங்கை அதிரும்.

எங்க ரிகர்சல் ரூமுக்கு அடுத்தாப்ல ஒரு தறி ஷெட். நான் அப்ப டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல வேலை பார்த்தேன். சாயங்காலம் நாடகம் பழக நாங்க நாலஞ்சு பேர் அந்த ரூம்ல கூடுவோம். கையில ஒரு பழைய நாடகத் தொகுதி. அட்டையெல்லாம் போயி, சாக்கு நூல்ல தைச்சது. எங்க சங்கரன்கோவில்ல அதுக்குப் பேரே "நாடக புக்"குதான்.

எங்க அப்பா காலத்துல இருந்தே அதுல உள்ள நாடகங்கள ஊர்ல போட்டுக்கிட்டிருந்தாங்க. பொம்பள வேஷமும் ஆம்பளைங்கதான். ஒரு நாடகத்துல மருமக ஒருத்தி மாமனாரப் பாத்துக் கேப்பா...

"சாவி என் இடுப்புல இருக்கு. வீடு யாரு பேர்ல இருக்கு?"

ஆம்பள சேலை கட்டிக்கிட்டு இதக் கேட்டா ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பூ மார்க்கெட்ல பேரம் பேசும்போதுகூட அந்த வசனத்த எடுத்து விடுவாங்க. அந்த அளவுக்கு ஊரு வாயில ஊறிப்போன புக்கு.

கோமதி அக்காவுக்கு மட்டும் அதுல சிரிப்பு வரல. டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டரா இருந்தா. என்னைவிட அஞ்சாறு வயசு மூத்தவ.

"இது சிரிக்கிற வசனம் இல்லட்டி. நான் சொல்லிக் காட்டுதேன்"னு சொன்னா.

சொன்னா... தறிச் சத்தத்துக்கு மேல. அன்னைக்கே அந்த வேஷம் அக்காவுக்குன்னு முடிவு பண்ணிட்டோம்.

ஊர்ல ஒரு பொண்ணு மேடை ஏறி நடிச்சது அதுதான் முதல் தடவ. ஒரு ஞாயித்துக்கிழம மத்தியானம், கல்யாண மண்டபத்துல போட்டோம். மண்டபத்துக்குச் சொந்தக்காரர ஊரே மண்டபத்து அண்ணாச்சின்னுதான் கூப்பிடும். முன் வரிசையில உக்காந்திருந்தாரு.

அக்கா அந்தக் கேள்வியக் கேட்டா. ஒருத்தரும் சிரிக்கல. பொம்பளைங்க பக்கம் எல்லாரும் நிமிந்து உக்காந்தாங்க.

அண்ணாச்சி எந்திரிச்சுப் போனாரு. அடுத்த நிமிஷம் ஃபேன் நின்னுச்சு, மைக்கு செத்துச்சு. மெயினையே ஆஃப் பண்ணிட்டாரு.

அக்கா நிறுத்தல. வேர்த்து ஊத்த ஊத்த, கடைசி வரிசைக்குக் கேக்குற மாதிரி மீதி நாடகத்தையும் பேசி முடிச்சா. கடைசிக் காட்சியில மருமக சாவிக்கொத்த மாமனார் முன்னாடி வச்சிட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டுத் தெருவுல இறங்கி நடப்பா. அக்காவும் மேடையில இருந்து இறங்கி, ஜனத்துக்கு நடுவுல நடந்து வாசல் வழியா வெளிய போனா.

அப்ப அக்காவுக்குப் புளியங்குடியில மாப்பிள்ள பேசி முடிச்சிருந்தது. அண்ணாச்சி அங்க போயிச் சொல்லிருக்காரு... "மேடையில நின்னே வீடு யாரு பேர்லன்னு கேக்கா. உங்க வீட்டுக்கு வந்தா சும்மா இருப்பாளா?"

கல்யாணம் நின்னுபோச்சு. அடுத்து வந்தவங்களும் "நாடகத்துல நடிச்ச பிள்ளையா?"ன்னு கேட்டுட்டே எந்திரிச்சுப் போனாங்க. அக்கா இன்னைக்கு வரைக்கும் கல்யாணமே பண்ணிக்கிடல. நாடகத்தையும் விடல. திருவேங்கடம், வாசுதேவநல்லூர்னு ஊர் ஊராப் போயி அதே வேஷத்தக் கட்டினா.

சரி... போன ஞாயித்துக்கிழமைக்கு வாரேன்.

அதே மண்டபம். இப்ப ஏசி. வாசல்ல பெரிய ஃப்ளெக்ஸ்... "நம் மண்ணின் கலைச் செல்வம்"னு போட்டு அந்த புக்கோட படம். எனக்கு வாட்ஸ்அப்ல அழைப்பு வந்தது. அக்காவுக்கு வரல. நான்தான் கூட்டிட்டுப் போனேன்.

சிறப்பு விருந்தினர் யாருங்கீங்க? மண்டபத்து அண்ணாச்சி. பொன்னாடை, மாலை எல்லாம் போட்டாங்க. வயசாயிட்டு, கைத்தடி ஊன்றி நின்னு மைக்கப் பிடிச்சுச் சொல்லுதாரு... "நம்மூர்ப் பெண்களுக்கு முதன்முதல்ல மேடை அமைச்சுக் கொடுத்தது இந்த மண்டபம்தான்."

நான் எந்திரிக்கப் போனேன். அக்கா என் கையப் பிடிச்சுக்கிட்டா.

அப்புறம் காலேஜ் பிள்ளைங்க அந்த நாடகத்தப் போட்டாங்க. மருமக வேஷம் கட்டின பொண்ணு நல்லா நடிச்சா, குறை சொல்ல மாட்டேன். ஆனா கடைசியில... மருமக மாமனார் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கா. அவரு சாவியத் திருப்பி அவ கையில குடுக்காரு. எல்லாரும் சேர்ந்து நின்னு கும்பிடுதாங்க. மண்டபம் முழுக்கக் கைதட்டு.

நேரா அண்ணாச்சிகிட்ட போனேன். "புக்குல இப்படி இல்லையே அண்ணாச்சி."

"புக்க யாரும்மா படிக்கா? குடும்பம் குடும்பமா வந்திருக்காவ. சந்தோசமா அனுப்பி வைக்கணும்லா."

அப்புறம் என் பக்கத்துல நின்ன அக்காவப் பாத்து, சிரிச்ச முகத்தோடயே கேட்டாரு. "இது யாரு, உங்க சொந்தமா?"

ஒரு பொண்ணோட வாழ்க்கைய ஊரு விட்டு ஊரு போயிக் கெடுத்துட்டு வந்த மனுஷனுக்கு அவ முகம்கூட ஞாபகம் இல்ல.

அக்கா சத்தம் போடல. "மெயின ஆஃப் பண்ணிட்டுப் போயிட்டீங்கள்லா, அதான் அன்னைக்கு முகத்தச் சரியாப் பாத்திருக்க மாட்டீங்க"ன்னா.

அவருக்கு அப்பவும் புரியல. போட்டோ எடுக்க யாரோ கூப்பிட்டாங்க, போயிட்டாரு.

ஆட்டோவுல வரும்போது நான் பொருமிக்கிட்டே வந்தேன். அக்கா சொன்னா... "என்னைய மறந்ததுகூடப் போகட்டும்ட்டி. அந்த மருமகளக் கால்ல விழ வச்சிட்டானுவளே."

அஞ்சு நாளாச்சு, எனக்குக் கோவம் ஆறல.

அந்தக் காலத்துல எங்கள ஏசினவங்க எல்லாரும் நாடகத்த ஒழுங்காக் கேட்டவங்க. அது என்ன கேக்குதுன்னு புரிஞ்சதுனாலதான் பயந்தாங்க, பயந்துதான் தடுத்தாங்க. இப்ப தடுக்க ஆளே இல்ல. மாலை போடுதாங்க, செல்வம்ங்காங்க, பாரம்பரியம்ங்காங்க... உள்ள இருக்கத மட்டும் உருவி எடுத்துட்டாங்க.

மாலையோட நிக்கிற இந்த அண்ணாச்சிக்கு, எங்களப் பாத்துப் பயந்த அந்தப் பழைய அண்ணாச்சியே தேவல.