வதனியின் காறையெலும்பும் மூன்று அச்சரக்கூடுகளும்

நோர்வேயின் வடக்கில் ஆட்கள் ஆமோதித்து 'ஓம்' சொல்வதற்கு மூச்சை உள்ளே இழுப்பார்கள். சுடுதேத்தண்ணி நாக்கில் பட்டால் நாங்கள் இழுப்போமே, அப்படி ஒரு இழுப்பு. அதற்குள் 'யா' என்ற சொல் பாதி கேட்கும். வந்த புதிதில் மீன் தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் நாளைக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் இழுத்த இழுப்பில் மனிதருக்கு நெஞ்சுவலி என்று பயந்து அவரை இருத்தக் கதிரை எடுக்க ஓடினேன். ஏழு வருடமாகிறது. இப்போது கடையில் நானே அப்படித்தான் இழுக்கிறேன். ஆனால் ஒருமுறை அந்த இழுப்பு எனக்குச் சாவுச் செய்தி போலக் கேட்டது.

அது 1992. மீன் வேலையை விட்டு நகரத்து ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எலும்பு நோய்களைப் பார்க்கும் ஒரு பெண் மருத்துவர் அங்கே இருந்தார். ஊரில் டொக்டருக்கு முன்னால் கதிரையில் இருக்கவே கூசுவோம். இங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். என்னால் முடியவில்லை, கடைசிவரை 'டொக்டர்'தான். ஒருநாள் துணிந்து ஐந்து எக்ஸ்ரே படங்களை அவரிடம் நீட்டினேன். முதலாவதை வெளிச்சப் பெட்டியில் கொழுவியதும் மூச்சை இழுத்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவரோ "ஓம், மற்றதைக் கொடு" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

படங்கள் என் தங்கை வதனியுடையவை. அவள் உரும்பிராயில் கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. 1986இல் சைக்கிளால் விழுந்து கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள வலது காறையெலும்பை உடைத்துக்கொண்டாள். எலும்பு பொருந்தவில்லை. அது போதாதென்று, படம் பிடிக்கப் பிடிக்கச் சிறுத்துக்கொண்டு வந்தது. நான் 1988இல் புறப்பட்டபோது வெறும் வலி என்றுதான் நினைத்திருந்தோம். பிறகு ஒரு டொக்டர் புற்றுநோய் என்று சந்தேகப்பட்டு, கையைத் தோளோடு எடுக்க வேண்டி வரலாம் என்றார். எலும்புத் துண்டைச் சோதித்தவர்களோ, புற்றுநோயைக் காணவில்லை, மெல்லிய குழாய்கள்தான் நிறைய என்று எழுதியிருந்தார்கள். யாரை நம்புவது? கரும்பலகையில் எழுதும் கை அது. வதனி எனக்கு எழுதினாள்: "அண்ணை, கையில்லாமல் இருக்கப் பயமில்லை. பிழையான வருத்தத்துக்கு அதைக் குடுக்கத்தான் எனக்கு விருப்பமில்லை." அந்தக் கடிதத்தோடு படங்கள் கிளாலிக் கடல் தாண்டி, கொழும்பு வந்து, தெரிந்தவர் ஒருவரின் பெட்டிக்குள் என்னிடம் வந்து சேர்ந்தன.

"எது முதலில் எடுத்தது?" என்று டொக்டர் கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். பெயரும் திகதியும் இருந்த மூலை எல்லாப் படங்களிலும் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. அம்மாவின் வேலை! குமர்ப்பிள்ளைக்கு நோய் வருத்தம் என்று வெளியே தெரிந்தால் கலியாணம் குழம்பிவிடும். படம் எத்தனை கை மாறினாலும் அதோடு பெயர் போகக்கூடாது. இதை எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் விளங்கப்படுத்தினேன். "அம்மாவுக்கா திருமணம்?" என்று கேட்டார் டொக்டர். கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

எலும்பு குறைந்த ஒழுங்கிலேயே அடுக்கலாமே என்றேன். அவர் மறுத்துவிட்டார். அப்படி அடுக்கினால் நாம் நினைப்பதையே படமும் சொல்லும். எலும்பு உண்மையில் கரைந்ததா, எத்தனை வருடத்தில் கரைந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டும் என்றார். ஆராய்ச்சி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பிறகு அவர் மேற்கையில் வெள்ளையாகத் தெரிந்த சின்னக் குழல்களைக் காட்டி, "இந்த உலோகத்தை வைத்த சத்திரசிகிச்சை நிபுணர் யார்?" என்று கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவை அம்மா கோயில் கோயிலாகப் போய்க் கட்டிய அச்சரக்கூடுகள். உள்ளே மந்திரத் தகடு வைத்த செம்புக் கூடுகள். கட்டியதைக் கழற்றக்கூடாது என்று எக்ஸ்ரே அறையிலும் அம்மா மல்லுக்கட்டியிருப்பார். ஒரு படத்தில் கூடே இல்லை. ஒன்றில் ஒரு கூடு, இரண்டு படங்களில் இரண்டு, கடைசியில் மூன்று! நல்லூர்க் கூடு நான் ஊரில் இருக்கும்போதே கட்டியது. சந்நிதிக் கோயிலில் கட்டியதையும் நயினாதீவில் கட்டியதையும் அம்மா கடிதத்தில் எழுதியிருந்தார். வருத்தத்தை மறைத்தவர் நேர்த்தியை ஒருநாளும் மறைக்கவில்லை. கடிதக் கட்டைக் கொண்டுவந்து திகதிகளை வாசித்தேன். இரண்டு கூட்டுப் படங்கள் இரண்டில் எது முந்தியது என்று மட்டும் தெரியவில்லை. அது போதும் என்றார் டொக்டர். கூடுகள் கூடிய ஒழுங்கிலேயே எலும்பும் குறைந்திருந்தது.

ஐந்து வருடமாக எலும்பு கரைந்திருக்கிறது, கட்டி எதுவும் வளரவில்லை என்றார். புற்றுநோய் இவ்வளவு காலம் பொறுத்திருக்காது. இரத்தம் ஓடும் குழாய்களைப் போல உடம்பில் நிணநீர் ஓடும் குழாய்களும் உண்டு. அவை எலும்புக்குள் வேண்டாத இடத்தில் பெருகினால் எலும்பு கரைந்து போகும். உலகத்திலேயே மிகச் சிலருக்கு வரும் நோய். ஏன் வருகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. விலாவுக்குப் பரவி நெஞ்சுக்குள் நிணநீர் நிரம்பினால் உயிருக்கே ஆபத்து. கதிர்ச் சிகிச்சையால் சிலருக்கு நின்றிருக்கிறது, சிலருக்கு நிற்கவில்லை. இவ்வளவையும் ஒளிக்காமல் சொல்லி, கொழும்பு மருத்துவர்களுக்கு மூன்று பக்கக் கடிதமும் எழுதித் தந்தார்.

அடுத்த வருடம் கொழும்பில் வதனிக்குக் கதிர்ச் சிகிச்சை நடந்தது. ஆறு மாதம் கழித்துப் புதுப் படம் எடுத்த அன்று அவள் கொழும்பில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து அழைத்தாள்.

"அண்ணை, எலும்பு அப்பிடியே நிக்குது! ஒரு நூல்கூடக் குறையேல்லை!"

"கையைத் தூக்க ஏலுமோ?"

"ஓம். தூக்கிக்கொண்டுதான் கதைக்கிறன். கடைக்காரர் என்னை விசரி எண்டு நினைக்கிறார்."

நான் அழுதேன். பிறகு ஆஸ்பத்திரி நடைபாதையில் துடைப்பத்தோடு ஒரு சுற்று ஆடினேன், வெட்கமில்லாமல்.

மாணவர்களுக்குக் காட்டப் படங்களை வைத்திருக்கலாமா என்று டொக்டர் கேட்டார். ஆராய்ச்சியில் நோயாளியின் பெயரை நாங்களும் மறைப்போம், உன் அம்மா முந்திக்கொண்டார் என்று சொல்லிச் சிரித்தார். வதனியிடம் கேட்டு எழுதினேன். போன கிழமை பதில் வந்தது:

"வருத்தக்காரத் தோள் அங்கையே இருக்கட்டும். சுகமான தோள் என்னட்டை இருக்கு. அதைப் பாக்கிறதெண்டால் நீங்கள்தான் இஞ்சை வரவேணும்."

அகதிப் பத்திரத்தோடு இருக்கிறவன் அங்கே எப்படிப் போவது? காலையில் வேலைக்குப் போனதும் வெளிச்சப் பெட்டியின் கண்ணாடியைத்தான் முதலில் துடைக்கிறேன். அதில் என் தங்கையின் கரைந்த தோள் கொழுவியிருக்கிறது. கரையாமல் மிஞ்சியதோடு அவள் உரும்பிராயில் கரும்பலகையின் உச்சியில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.