வேதத்தைத் தொடாத கைகள்

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, ஒரு பனையேறியின் கைகளுக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தவன் நான். சிரிக்காதீர்கள். குழித்துறையில் பெயரெடுத்த வக்கீல்தான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டு வருஷம் இருக்கும். மார்த்தாண்டம் சந்தையில் கடை வைத்திருந்தவர் என் கட்சிக்காரர். விதவை அன்னம்மாள் குடியிருந்த வீடு தன்னுடையது, அவளிடம் உள்ள பத்திரம் பொய் என்று வழக்குப் போட்டிருந்தார். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் பனையேறி ஞானமுத்து மட்டுமே உயிரோடிருந்தார். அவரும் நானும் ஒரே சபை. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

கூண்டில் வேதப்புத்தகத்தை நீட்டியதும், தழும்பேறிய கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சத்தியம் செய்வது பாவம் என்று எங்கள் போதகர் பிரசங்கித்திருந்தார். நானும் கேட்டவன்தான். சத்தியமில்லாமல் உறுதிமொழி சொல்ல நீதிபதி அனுமதித்தார். நான் விடவில்லை. "உண்மை சொல்ல வந்தவர் வேதத்தைத் தொட ஏன் பயப்படுகிறார்?" என்று முழங்கினேன். அவர் சாட்சி எடுபடவில்லை. ஜெயித்தேன்.

தீர்ப்பு நாளில் ஞானமுத்து கோர்ட் வராந்தாவில் என் முன்னே வந்து நின்றார்.

"நான் ஏன் தொடல்லன்னு ஒங்களுக்குத் தெரியும்லா, சாறே?"

அவ்வளவுதான் கேட்டார்.

அன்று பிடித்தது அந்தப் பயம். எந்தச் சாட்சியிடம் வேதத்தை நீட்டினாலும், அந்தக் கைகள் என் கண்முன்னே பின்வாங்கும். கேட்க வந்த கேள்வி மறந்துபோகும். "இதை எடுத்துப்போடும் ஆண்டவரே" என்று அழுதேன். அவர் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அன்னம்மாளைப் பார்த்தேன். இரண்டு பெண்பிள்ளைகளையும் அணைத்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டைக் காலிசெய்யும் கெடு நெருங்கியிருந்தது. அன்றுதான் என் ஜெபம் மாறியது. "அந்த வீட்டைக் காப்பாற்றும். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும்."

மறுநாளே, அவள் அப்பீல் போட்டிருப்பதாகக் குமஸ்தா வந்து சொன்னார். என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று புரிந்தது. கட்சிக்காரரிடம் போய் வக்காலத்தை விட்டுவிட்டேன்.

"கூட இருந்தே குழி பறிச்சிட்டீரே, வக்கீலே!" என்று கத்தினார்.

ஞானமுத்து ஏன் கையை இழுத்தார், அது தெரிந்தே நான் எப்படித் திரித்தேன் என்பதை அப்பீல் கோர்ட்டில் வாக்குமூலமாகக் கொடுத்தேன். என்னிடமும் வேதத்தை நீட்டினார்கள். என் கைகள் தாமாகப் பின்னுக்குப் போயின. உறுதிமொழி மட்டும் சொன்னேன்.

வீடு அன்னம்மாளுக்கே நிலைத்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். எனக்கு வழக்குகள் குறைந்துபோயின. பொய் வழக்கோடு யாரும் என் படியேறுவதில்லை.

அந்தக் கைகள் இன்றும் வருகின்றன. எடுத்துப்போடும் என்று இப்போது கேட்பதில்லை. உங்களையும் யாருடைய முகமாவது துரத்துகிறதா? அதை மறைக்கச் சொல்லி ஜெபிக்காதீர்கள். அந்த முகத்துக்கு என்ன செய்யவேண்டும் என்று கேளுங்கள். ஆண்டவர் சொல்லுவார்.