எலி தேடிய சூப்பர்வைசர்

என் வீட்டுக்காரர் மீன் சுத்தம் செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். காலையில் மாட்டும் ரப்பர் பூட்ஸைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் கழற்றுவார். கழற்றினால் வீட்டில் மனுஷர் இருக்க முடியாது. கேட்டால், மீனோடு புழங்குகிறவன் மேல் மல்லிகையா மணக்கும் என்று எகிறுவார். நானும் அந்தப் பாழாய்ப்போன மீன்களைத்தான் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவரை ஆபீசுக்கு மாற்றித் தற்காலிக சூப்பர்வைசர் ஆக்கினார்கள். ஏசி அறை, புதுத் தோல் ஷூ. மிதப்பு தாங்கவில்லை. அங்கே மீன் செதில்கூடக் கிடையாது. ஆனாலும் நாற்றம் அவர் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்று மேனேஜர் முடிவு கட்டினார். பீரோக்களை நகர்த்தினார்கள், கூரைப் பலகையைக்கூடப் பெயர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று தேடியது யார்? நம்ம ஆள்தான். அவர் போய் நின்ற மூலையில் எல்லாம் நாற்றம் தூக்கலாக இருந்ததாம். அங்கேயே இன்னும் நன்றாகத் தேடச் சொன்னதும் இவர்தானாம்.

இதை அவர் வந்து பெருமையாகச் சொன்னபோது எனக்குப் பொறி தட்டியது. கையோடு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால், வெளுத்துப்போன தோலில் ஊசியால் குத்தினாற்போல் குழி குழியாக இருந்தது. வியர்வையில் ஊறிய காலில் பாக்டீரியா சேர்ந்து தோலை அரிக்கிறது, நாற்றமும் அதன் வேலைதான், களிம்பு தடவிக் காலை ஈரமில்லாமல் வைத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டரம்மா.

"ஆபீஸ்ல யாருக்கும் மூச்சு விடாதே. தெரிஞ்சா வேலையை நிரந்தரம் பண்ண மாட்டாங்க," என்று வழியெல்லாம் கெஞ்சினார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மேனேஜர், ஒழுங்காகக் கூட்டியிருந்தால் எலி கிடைத்திருக்காதா என்று கத்தி, ஆபீஸ் பெருக்கும் அக்காவை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார். அக்கா துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டு அழுதிருக்கிறார். என் வீட்டுக்காரர் எழுந்தார். ஷூவைக் கழற்றினார். இரண்டு சாக்ஸையும் உருவிப் போட்டுவிட்டு எல்லோருக்கும் நடுவில் நின்றார்.

"சார், அந்த எலி நான்தான். அக்காவை விட்டுடுங்க."

மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாராம். அக்காவின் வேலை தப்பியது. சூப்பர்வைசர் பதவி போயே போய்விட்டது. கால் ஆறும்வரை திறந்த செருப்போடு வெளி கேட்டில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்து, அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குக் கோபமே வரவில்லை. இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டதற்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லலாம் என்று போனேன். முடியவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன்.