எண்ணெய் துடைத்த மதியம்

மாடியில் குடியிருக்கும் வங்கிக்காரத் தம்பி நேற்றுக் காலை தன் கியர் சைக்கிளை வாசலில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தவித்தார். மிதித்தால் பின்னால் கிறீச்சிடுகிறதாம். செயினுக்கு எண்ணெய் விட்டும் சத்தம் போகவில்லையாம்.

"சார்வாள், ஒங்களுக்கு எதும் தெரியுமா?"

தெரியும். பின்சக்கரத்துக்குக் கீழே தொங்குகிற கியர் அமைப்பில், செயினை இழுத்துப் பிடிக்க இரண்டு சின்னப் பல்சக்கரங்கள் உண்டு. சத்தம் அவற்றின் நடு ஆணியிலிருந்து வருவது. மண்ணைத் துடைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், ஐந்து நிமிஷ வேலை. செய்து கொடுத்தேன். "மெக்கானிக்காட்டு இருந்திருப்பிய போலுக்கே!" என்று சிரித்தார். நான் கை கழுவுகிற சாக்கில் உள்ளே வந்துவிட்டேன்.

அந்த ஐந்து நிமிஷ வேலையை நான் என் மகளுக்குச் செய்து கொடுக்கவில்லை. உங்களிடம் சொல்ல வந்தது அதைத்தான்.

முப்பது வருஷம் இருக்கும். ஆற்றுக்கு இக்கரையில் எங்கள் ஊர், அக்கரையில் அம்பாசமுத்திரம். நான் பள்ளியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தேன். மகள் செல்விக்குப் பத்தொன்பது வயது. அவள் அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் அக்கரைக்குக் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வரட்டும் என்று, பம்பாயிலிருந்து என் மைத்துனர் ஒரு கியர் சைக்கிளை ரயிலில் போட்டு அனுப்பினார். சாக்கைப் பிரித்தபோது எழுந்த புது ரப்பர் வாசனை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஊருக்கு அப்படியொரு வண்டி அதற்கு முன் வந்ததில்லை. "இது என்ன சார்வாள், பின்னால குடல் தொங்குது?" என்று தெருவே கூடி நின்று கேட்டது.

மணல் புகுந்து, மூன்றாம் மாதமே அது கத்த ஆரம்பித்தது. பாலத்து முனையில் டீக்கடை அண்ணாச்சி தம்ளரை நீட்டும்போதே சேதியும் சொல்லிவிடுவார். "பாப்பா இப்பதான் பாலம் ஏறிச்சு சார்வாள். நாம திரும்பிப் பாக்கவே வேண்டாம், சத்தமே சொல்லிருதுல்லா."

எனக்கு அது நிம்மதியாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நிம்மதிதான்.

"எப்பா, இந்தச் சத்தத்த நிப்பாட்டித் தாங்க. பயலுவ 'கிறீச்சு வருது, கிறீச்சு வருது'ன்னு பின்னாலயே கத்துதானுவ."

"அந்தச் சாமான் இங்கன கிடைக்காதுட்டி. பம்பாய்க்குத்தான் எழுதணும்" என்றேன். எழுதவில்லை. வருஷா வருஷம் கரும்பலகையில் உராய்வு விசைக்குப் படம் போட்டவன் நான்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சத்தமே கேட்கவில்லை. திடீரென்று முதுகுக்குப் பின்னால் "எப்பா!" என்றாள். தூக்கிவாரிப் போட்டது. சத்தம் வருகிற இடத்தைத் தானே கண்டுபிடித்து, தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெயை அந்தப் பல்சக்கரங்களுக்கு விட்டிருக்கிறாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. மறுநாள் அரை மணி நேரம் பிந்தி வந்தாள். "பாலத்துல நின்னு தண்ணியப் பாத்துட்டு இருந்தேன்" என்றாள். அண்ணாச்சியிடம் விசாரித்தேன். "பாப்பா வந்துட்டாளா? தெரியலியே சார்வாள்" என்றார். அந்தத் 'தெரியலியே' என்னைப் படுத்தி எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் புறவாசலில் மண்ணெண்ணெய்த் துணியோடு உட்கார்ந்து, அந்த இரண்டு சக்கரங்களிலும் இருந்த எண்ணெயைப் பைய, சொட்டு மிச்சமில்லாமல் துடைத்தேன். பரிசோதனைச் சாலையில்கூட அவ்வளவு கவனமாக நான் வேலை செய்ததில்லை.

மறுநாள் வண்டி முன்னைவிட மோசமாக அலறியது.

"நேத்துவர நல்லாத்தானப்பா இருந்துச்சு?"

"தேங்காயெண்ணெதானட்டி. வெயிலுக்கு ஆவியாப் போயிரும்."

ஒன்பதாம் வகுப்புப் பையன்கூட நம்பமாட்டான். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். ஒரு வாரம் அந்தச் சத்தத்தோடே போய்வந்தாள். பிறகு வண்டியைச் சுவரில் சாத்திவிட்டு, "பஸ்ஸுல போறேன்" என்றாள். பஸ்ஸெல்லாம் வேண்டாம் என்றேன். வகுப்பு பாதியில் நின்றது. தை பிறந்ததும் தூத்துக்குடிப் பக்கம் கட்டிக்கொடுத்தேன்.

நேற்று மத்தியானம் அவளுக்குப் போன் செய்து, துடைத்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் மிக்சி ஓடி நின்றது.

"தெரியும்ப்பா."

"எப்படிட்டி?"

"மண்ணெண்ண வாட அடிச்சுதுல்லா."

"அன்னைக்கே கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருந்தா வண்டியவே பூட்டி வச்சிருப்பிய."

பூட்டியிருப்பேன். வேறென்ன செய்வதென்று தெரியாமல், "இப்பக்கூட ஒரு ஸ்கூட்டி பழகிக்கிடலாம்ட்டி, நான் வாங்கித் தாரேன்" என்றேன். சிரித்தாள், கோபமாகச் சிரிக்கவில்லை.

"எங்க போறதுக்குப்பா?"

அக்கரையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்த மாடியில் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை. வேறு எங்கெல்லாம் போக நினைத்திருந்தாய் என்று ஒரு நாளும் நான் அவளிடம் கேட்டதில்லை. நேற்றுத்தான் கேட்டேன். அவளுக்கே ஞாபகம் இல்லையாம்.